பல்கலைக்கழகச் சேர்க்கை மதிப்பெண் விவரங்களை ஆர்.டி.ஐ. மூலம் பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த ஒதுக்கீட்டில், எத்தனை மதிப்பெண் எடுத்தவருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கு முழுவதும் சேர்க்கையை நடத்தும் அலுவலகத்தின் கணினியில் இருக்கிறது. அதில் ஒரு பகுதிதான் இணையத்துக்கு வருகிறது. மீதியை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். மனு வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் அதன் வாசகமே காரணம். அதனால் இங்கே சட்டப் பிரிவுகளைவிட வாசகத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டுச் சேர்க்கையை மனத்தில் வைத்து எழுதியது இது. மத்திய நிறுவனங்களுக்கு எங்கே மாறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

யார் கேட்கலாம்? காரணம் சொல்ல வேண்டுமா?

இந்தியக் குடிமக்கள் யாரும் கேட்கலாம். சட்டத்தில் வயது வரம்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரே தன் பெயரில் போடலாம், பெற்றோரும் போடலாம். சங்கம், அறக்கட்டளை, மாணவர் அமைப்பு ஆகியவற்றின் பெயரில் போடாதீர்கள். உரிமை குடிமக்களுக்குத்தான், அமைப்புக்கு இல்லை என்று திருப்பிவிட அது வழிவிடும். பொறுப்பாளர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டால் போதும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களில் இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் நேரடியாகக் கேட்க முடியாது. அவர்களுடைய பிள்ளைகளின் சேர்க்கை பற்றிய விவரம் தேவைப்பட்டால் குடியுரிமை உள்ள ஒருவர் கேட்க வேண்டியிருக்கும்.

காரணம் கேட்க அலுவலருக்கு அதிகாரம் இல்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் மதிப்பெண் விவரம் கேட்கும் மனுவில் பொதுநலன் குறித்து இரண்டு வரி எழுதச் சொல்வோம். ஏன் என்பது தனிப்பட்ட தகவல் பற்றிய கேள்வியில் விளங்கும்.

எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது?

மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்ட அலுவலகத்துக்கு. அது பல நேரம் நீங்கள் நினைக்கும் பல்கலைக்கழகமாக இருக்காது.

பொறியியல் கலந்தாய்வை 2018 வரை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஆகவே 2017-ஆம் ஆண்டு விவரத்துக்கும் 2023-ஆம் ஆண்டு விவரத்துக்கும் இரண்டு தனி மனுக்கள் போடுவதே நல்லது. ஒரே மனுவில் இரண்டையும் கேட்டால் பாதி தகவல் 'எங்களிடம் இல்லை' என்று போய்விடும்.

மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களுக்கு, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் கீழ் இருக்கும் தேர்வுக் குழு. அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ இடங்களுக்கும் டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு கல்லூரிக் கல்வி இயக்ககம். முனைவர் பட்டம், பல்கலைக்கழகத் துறைகளின் முதுநிலைப் படிப்பு ஆகியவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம். சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவை மத்திய அரசின் நிறுவனங்கள். அவற்றுக்குக் கட்டணம் செலுத்தும் முறையும் வேறு, மேல்முறையீட்டில் கடைசியாகப் போக வேண்டிய தகவல் ஆணையமும் வேறு.

அலுவலகம் தவறிப்போனாலும் மனு செத்துவிடாது. பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி, மாற்றியதை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் மாற்றல் கடிதம் வருவதற்கே மூன்று வாரம் ஆகிவிடுவதுண்டு. எனவே முகவரியை முதலிலேயே சரியாகப் போடுவதில்தான் உங்கள் நேரம் மிஞ்சும். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று பதவியின் பெயரில் அனுப்புங்கள், ஆளின் பெயர் வேண்டாம். இடமாறுதலில் போனவரின் பெயருக்கு வந்த தபால் பிரிக்கப்படாமல் கிடக்கும்.

தனியார் கல்லூரியின் சேர்க்கை விவரத்தைக் கேட்க முடியுமா?

அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் நேரடியாகவே கேட்கலாம். அரசு நிதியில் கணிசமான பங்கு பெறும் கல்லூரிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'எங்களுக்குப் பொதுத் தகவல் அலுவலரே இல்லை' என்று கல்லூரி பதில் சொன்னால் இந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள்.

சுயநிதிக் கல்லூரியிடம் நேரே கேட்டுப் பயனில்லை. ஆனால் பிரிவு 2(எஃப்) இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வேறொரு சட்டத்தின்படி ஒரு தனியார் அமைப்பிடமிருந்து அரசு அலுவலகம் பெறக்கூடிய தகவலும் 'தகவல்'தான். தனியார் பொறியியல் கல்லூரிகள் தம் இடங்களில் ஒரு பங்கை (சிறுபான்மை அல்லாதவை 65 விழுக்காடு, சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு) அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. அந்த இடங்களின் மதிப்பெண் இயக்ககத்திடமே இருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் பட்டியலையும் கல்லூரிகள் ஒப்புதலுக்காக அனுப்ப வேண்டியிருப்பதால், ஒப்புதல் தரும் அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மனு போடுமுன் என்ன பார்க்க வேண்டும்?

சேர்க்கை இணையதளத்தை ஒருமுறை முழுக்கத் தேடுங்கள். பொறியியல் கலந்தாய்வில் சென்ற ஆண்டுகளின் கல்லூரிவாரிக் கட்-ஆஃப் (கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்), மத்தியப் பொறியியல் நிறுவனங்களின் தொடக்க, முடிவுத் தரவரிசை எல்லாம் பொதுவெளியில் கிடைக்கின்றன. இருப்பதையே கேட்டால் 'இணையதளத்தைப் பார்க்கவும்' என்ற ஒரு வரிப் பதிலில் முப்பது நாள் போய்விடும்.

அந்த ஆண்டின் தகவல் கையேட்டையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் எந்தச் சொல் இருக்கிறதோ அதே சொல்லை மனுவில் பயன்படுத்த வேண்டும். கையேடு 'துணைக் கலந்தாய்வு' என்று சொல்லும்போது நீங்கள் 'கடைசி ரவுண்டு' என்று எழுதினால், எதைக் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை எனப் பதில் வரும்.

மனுவை எப்படி எழுதுவது?

தனிப் படிவம் தேவையில்லை; வெள்ளைத்தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். மத்திய நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டில் தமிழில் எழுதச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் டெல்லியில் இருக்கும் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே வேகமான வழி. மத்திய விதிகள் மனு 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. நீளத்தை மட்டும் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

ஆவணத்தைக் கேளுங்கள், விளக்கம் கேட்காதீர்கள். 'ஏன் என் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை?', 'இட ஒதுக்கீடு ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா?' என்பவை கருத்தைக் கேட்கும் கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்ல அலுவலருக்குக் கடமை இல்லை. அதே ஐயத்தை 'இந்தப் பாடப்பிரிவில் பிரிவுவாரியாக நிரப்பப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணும் உள்ள ஆவணத்தின் நகல்' என்று மாற்றிக் கேட்டால், விடையை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

பொறியியல் கலந்தாய்வுக்கான மாதிரி வாசகம்:

> பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோருதல்.
>
> 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு முழுவதும் முடிந்தபின் தங்கள் கணினிப் பதிவில் உள்ளபடி கீழ்க்கண்ட தகவல்களை வழங்கக் கோருகிறேன்.
>
> 1. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வீதம்: ஆண்டு, கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவுக் குறியீடு, கலந்தாய்வுச் சுற்று, மாணவரின் வகுப்புப் பிரிவு, ஒதுக்கப்பட்ட இடத்தின் பிரிவு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடா இல்லையா, மாணவர் 200-க்குப் பெற்ற கட்-ஆஃப் மதிப்பெண் (அரை மதிப்பெண்ணுக்கு முழுமையாக்கியது).
>
> 2. மாணவரின் பெயர், விண்ணப்ப எண், தரவரிசை எண், பிறந்த தேதி, பள்ளி, முகவரி ஆகியவற்றை நான் கோரவில்லை. அவை பதிவில் இருந்தால் பிரிவு 10-இன்படி நீக்கிவிட்டு மீதியை வழங்கவும்.
>
> 3. வரிசை 1-இல் உள்ளபடி வழங்க இயலாது எனில், அதே கல்லூரி, பாடப்பிரிவு, இடப்பிரிவு வாரியாகச் சேர்ந்தவர் எண்ணிக்கை, மிகக் குறைந்த, இடைநிலை (வரிசையின் நடுவில் நிற்பவருடைய), மிக உயர்ந்த கட்-ஆஃப் மதிப்பெண்களை வழங்கவும். ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள பிரிவுகளில் 'ஐந்துக்குக் கீழ்' என்று மட்டும் குறிக்கலாம்.
>
> 4. மேற்கண்டவற்றை எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக மின்னஞ்சலிலோ குறுந்தகட்டிலோ வழங்கவும்.

மூன்றாவது வரிதான் மனுவைக் காப்பாற்றும். முதல் கோரிக்கை மறுக்கப்பட்டாலும் அலுவலர் இந்த மாற்றுக் கோரிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முழு மனுவையும் ஒரே வரியில் மூட இடம் கிடைக்காது.

ஆண்டுகளை மூன்றோடு நிறுத்துங்கள். 'கடந்த இருபது ஆண்டு விவரம், எல்லாக் கல்லூரிகளுக்கும்' என்று கேட்டால், அலுவலகப் பணியாளர்கள் எல்லாரையும் இதற்கே உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு.

தரவரிசை எண்ணை ஏன் விடச் சொல்கிறீர்கள்? அது பெயர் இல்லையே?

தரவரிசைப் பட்டியல் பெயரோடு ஏற்கனவே வெளியாகியிருந்தால், தரவரிசை எண்ணும் பெயரும் ஒன்றுதான். விண்ணப்ப எண்ணும் அப்படியே. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போகும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும் ஏறக்குறைய அடையாள எண் மாதிரிதான். அதனால்தான் அரை மதிப்பெண்ணுக்கு முழுமையாக்கிக் கேட்கிறோம். மாவட்டம், வகுப்புப் பிரிவு, பாலினம், பள்ளி வகை நான்கையும் ஒரே வரியில் கேட்டால், பழங்குடியினர் பிரிவில் ஒரு மாவட்டத்தில் ஒரே ஒரு மாணவி இருப்பார். அவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையின் மதிப்பெண் ஊர்ப் பேச்சாகக் கூடாது. மாவட்டம் வேண்டுமென்றால் அதை மட்டும் தனிப் பட்டியலாகக் கேளுங்கள்.

மாணவரின் பிரிவு, இடத்தின் பிரிவு என்று இரண்டையும் ஏன் கேட்க வேண்டும்?

சேர்க்கை விவரத்தை வைத்து எழும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. மீதி 31 விழுக்காடு பொதுப்போட்டி. பொதுப்போட்டி என்பது எல்லாருக்கும் திறந்த இடம். மதிப்பெண் வரிசையில் யார் முன்னால் நிற்கிறாரோ அவர் எந்த வகுப்பினராக இருந்தாலும் அங்கே அமர்வார். எனவே 'ஓ.சி. கட்-ஆஃப் 195' என்று ஒரு பட்டியல் சொன்னால் அது பொதுப்போட்டி இடத்தில் கடைசியாக அமர்ந்தவரின் மதிப்பெண். அந்த இடங்களில் எத்தனை பேர் பிற்படுத்தப்பட்டோர், எத்தனை பேர் ஆதிதிராவிடர் என்பது அதில் தெரியாது. அதைக் காட்டுவது பட்டியலில் மாணவரின் பிரிவு என்ற பத்தி (நெடுவரிசை) மட்டுமே. அலுவலகம் ஒரே பத்தியில் 'பிரிவு' என்று கொடுத்தால், அது எது என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் கூட்டல் கழித்தல் செய்யாதீர்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-இலும் வந்தது. அது ஒவ்வொரு வகுப்புப் பிரிவுக்குள்ளும் உள்ளடங்கிய ஒதுக்கீடு. அதைத் தனிப் பத்தியாகப் பிரிக்காவிட்டால் பொதுப்போட்டியின் மிகக் குறைந்த மதிப்பெண் வழக்கத்தைவிடப் பல படி கீழே தெரியும். ஏதோ முறைகேடு என்று தோன்றும். விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சிறப்பு ஒதுக்கீட்டையும் இதேபோல் பிரித்தே கேளுங்கள்.

'தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)' என்று மறுத்துவிட்டார்கள். இனி வழி உண்டா?

இந்தப் பிரிவு 2025 நவம்பரில் மாறிவிட்டது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலையும், அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலையும்தான் மறுக்கலாம். பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3) இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'தனிப்பட்ட தகவல்' என்று மட்டும் வைத்துவிட்டது. தகவல் உரிமையைச் சுருக்கிய திருத்தம் இது. இணையத்தில் சுற்றும் பழைய மாதிரி மேல்முறையீடுகள் பலவும் நீக்கப்பட்ட வரிகளையே மேற்கோள் காட்டுகின்றன; அவற்றை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

மிஞ்சியிருக்கும் வாதங்கள் மூன்று. ஒருவரை அடையாளம் காட்டாத தகவல் தனிப்பட்ட தகவலே ஆகாது. ஒரு பாடப்பிரிவின் இடைநிலை மதிப்பெண் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அடுத்து பிரிவு 10: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். மூன்றாவது, பிரிவு 8(2): வெளியிடுவதால் வரும் பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிது என்றால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம். இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை என்ற உரிமை உங்களுக்கு இருந்தும் பொதுநலன் வரியை எழுதச் சொல்வது இதற்காகத்தான். 'பொது நிதியில் நடக்கும் கல்லூரிகளில் சட்டப்படியான ஒதுக்கீடு நிரப்பப்பட்டதா என்பதை மக்கள் சரிபார்க்க' என்ற அளவுக்கு இருந்தால் போதும்.

தீர்ப்புகளைக் காட்டும்போதும் கவனம் தேவை. ஒரு பணித்தேர்வில் மற்றவர்கள் பெற்ற மதிப்பெண்களைத் தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது உதவும். ஆனால் அது திருத்தத்துக்கு முந்தையது. யூ.பி.எஸ்.சி. வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், திருத்தியமைக்கப்படாத மூல மதிப்பெண்களை இயந்திரத்தனமாக வெளியிட உத்தரவிட முடியாது என்றது. அதே தீர்ப்பு, விதியோ நடைமுறையோ வெளியிடச் சொன்னால் அதை அமல்படுத்தலாம் என்றும் சொல்கிறது. சேர்க்கைக் கையேட்டில் 'மதிப்பெண் பட்டியல் வெளியிடப்படும்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் கையில் அதைவிட வலுவான வாதம் இல்லை.

'நீங்கள் கேட்ட வடிவில் தொகுத்து வைக்கப்படவில்லை' என்கிறார்களே?

இதற்கு அடித்தளம் சி.பி.எஸ்.இ. வழக்கில் 2011-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இல்லாத தகவலை உருவாக்கியோ, திரட்டி ஆய்ந்தோ தர வேண்டியதில்லை என்று அது சொல்கிறது. 'சராசரி என்ன, விழுக்காடு என்ன' என்று கேட்டவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் மாதிரி மனுவில் மாணவருக்கு ஒரு வரி என்ற மூலப் பதிவை முதலில் கேட்கிறோம். சராசரியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அப்படிக் கேட்டும் இதே பதில் வந்தால் பிரிவு 2(ஐ)-ஐக் காட்டுங்கள். கணினியால் உருவாக்கப்படும் எதுவும் 'ஆவணம்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்கிறது அது. இணையவழிக் கலந்தாய்வு நடத்தும் மென்பொருளில் இந்தப் பத்திகள் இல்லாமல் ஒதுக்கீடே செய்திருக்க முடியாது. வேண்டாத பத்திகளை நீக்கி ஏற்றுமதி செய்வது புதிய ஆய்வு ஆகாது. இந்த வாதம் எல்லா இடத்திலும் ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை. கையால் பதிவேடு எழுதும் சிறு கல்லூரியிடம் இது செல்லவும் செல்லாது. அங்கே பிரிவு 2(ஜே)-இன்படி பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை, குறிப்பு எடுக்கலாம். பதிவேட்டில் பெயர்கள் இருக்கும் என்பதால் பெயர்ப் பத்தியை மறைத்துக் காட்டும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

எக்செல் கேட்டேன், மங்கலாக ஸ்கேன் செய்த 300 பக்கம் வந்தது.

கேட்ட வடிவில் தர வேண்டும் என்பது பிரிவு 7(9)-இன் பொது விதி. கணினியில் இருப்பதை அச்செடுத்து, ஸ்கேன் செய்து அனுப்புவதே கூடுதல் வேலை என்பதை மேல்முறையீட்டில் சுட்டிக்காட்டுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பெரிய தொகை கேட்டு முதலில் கடிதம் வந்தால், பணம் கட்டுமுன் 'குறுந்தகட்டில் தரவும்' என்று எழுதுங்கள். விதிகளில் அதற்கு 50 ரூபாய்தான்.

கட்டணம் எப்படிச் செலுத்துவது?

தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டுவதே எளிது. மத்திய நிறுவனங்களுக்கு வில்லை செல்லாது; 10 ரூபாய்க்கு இந்திய அஞ்சல் ஆணை எடுத்து, கணக்கு அலுவலர் பெயருக்கு எழுதி இணையுங்கள், அல்லது மத்திய இணையவாசலில் கட்டுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டதால் திரும்பி வரும் மனுக்கள் ஏராளம். தமிழ்நாடு அரசின் இணையவாசலில் உங்கள் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சான்று இணைக்க வேண்டும். மேல்முறையீடுகளுக்குக் கட்டணம் கிடையாது.

நாள் கணக்கு எப்படி?

மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். நீங்கள் தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது. கூடுதல் கட்டணம் கேட்டுக் கடிதம் அனுப்பினால், அந்தக் கடிதம் அனுப்பிய நாள் முதல் நீங்கள் கட்டும் நாள் வரை கணக்கில் சேராது. 30 நாள் தாண்டினால் அது மறுப்பாகவே கருதப்படும். அதற்குப்பின் தரும் தகவலுக்குக் கட்டணம் வாங்கவும் கூடாது. மனு போய்ச் சேர்ந்ததற்கான அஞ்சல் சான்றை அச்செடுத்து வையுங்கள். இணையத்தில் அது நெடுநாள் தங்காது.

முதல் மேல்முறையீட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில் வந்த நாளிலிருந்து, அல்லது 30 நாள் கெடு முடிந்ததிலிருந்து, 30 நாளுக்குள் போட வேண்டும். யாருக்குப் போடுவது என்பதை மறுப்புக் கடிதமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 'முதல் மேல்முறையீட்டு அலுவலர்' என்று அதே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் பதிவாளர் நிலையில் இருப்பவர். முடிவு 30 நாளில் வர வேண்டும். எழுத்தில் காரணம் குறித்தால் 45 நாள் வரை போகலாம்.

கோபத்தை எழுதாதீர்கள்; அலுவலர் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே ஒரு பதில் எழுதுங்கள். மறுப்பு நியாயம் என்று நிறுவும் பொறுப்பு அலுவலருடையது என்கிறது பிரிவு 19(5). எந்த உட்பிரிவு என்று குறிப்பிடாமல் 'பிரிவு 8-இன்படி தர இயலாது' என்று மட்டும் எழுதியிருந்தால், பிரிவு 7(8) கேட்கும் காரணம் அதில் இல்லை என்பதையே முதல் வாதமாக வையுங்கள். புதிய தகவல் எதையும் இங்கே கேட்கக் கூடாது. கேட்டால் அதையே பிடித்துக்கொண்டு முழுவதையும் தள்ளிவிடுவார்கள்.

அதன் பிறகு? இரண்டாம் மேல்முறையீடா, புகாரா?

தகவல் கைக்கு வர வேண்டும் என்றால் பிரிவு 19(3)-இன் கீழ் இரண்டாம் மேல்முறையீடு, 90 நாளுக்குள். மாநில அலுவலகம் என்றால் தமிழ்நாடு தகவல் ஆணையம், மத்திய நிறுவனம் என்றால் மத்திய தகவல் ஆணையம். பிரிவு 18-இல் புகார் மட்டும் போட்டால் தண்டம் விதிக்கலாமே தவிரத் தகவலைத் தரச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று மணிப்பூர் தொடர்பான வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆத்திரத்தில் புகாரை மட்டும் அனுப்பிவிட்டு 90 நாளைத் தவறவிடுபவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் உண்டு. ஆணையத்தில் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அதுவரை சும்மா இருக்காமல், ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு என்று சுருக்கி இன்னொரு மனு போடுங்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

என் சொந்த மதிப்பெண், விடைத்தாள், நேர்காணல் மதிப்பெண்?

உங்கள் நுழைவுத்தேர்வு விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் அதே 2011 சி.பி.எஸ்.இ. தீர்ப்புதான். விடைத்தாளைப் பாதுகாக்கும் காலம் முடிந்தால் அழித்துவிடுவார்கள். முடிவு வந்த வாரமே மனு போட்டுவிடுங்கள். முனைவர் பட்டச் சேர்க்கையில், பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத்தேர்வு என்றால் எழுத்துத்தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற எடையை 2022-ஆம் ஆண்டின் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறை வைத்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டுத்தொகை மட்டும் வந்தால் எங்கே கீழே போனீர்கள் என்று தெரியாது. நேர்காணல் குழுவினரின் பெயர்களைக் கேட்காதீர்கள். 2012-இல் பீகார் தேர்வாணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

கிடைத்த பட்டியலில் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பெண் தாவுகிறதே?

பல தாவல்களுக்குக் காரணம் தேர்வுமுறை மாற்றம். பன்னிரண்டாம் வகுப்பு மொத்த மதிப்பெண் 1,200-லிருந்து 600 ஆனது. 2019 மார்ச் தேர்வு முதல் புதிய கணக்கு. கலை அறிவியல் சேர்க்கைப் பட்டியல்களில் 2018 வரை 800-க்கும், பின்னர் 400-க்கும் போட்டிருப்பார்கள். விழுக்காடாக்காமல் ஒப்பிட்டால் பாதியாகச் சரிந்தது போலிருக்கும். 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம், 'ஒதுக்கீடு பெற்றவர்' என்பதற்கும் 'சேர்ந்தவர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. இடம் பெற்றும் மருத்துவத்துக்கோ வேறு கல்லூரிக்கோ போய்விட்டவர்கள் முதல் பட்டியலில் இருப்பார்கள், இரண்டாவதில் இருக்க மாட்டார்கள். இதனால் ஒரே பாடப்பிரிவுக்கு இரண்டு கட்-ஆஃப் கிடைக்கும், இரண்டுமே உண்மை. மிகக் குறைந்த மதிப்பெண் ஒரே ஓர் ஆளைப் பொறுத்தது என்பதால் அதை மட்டும் வைத்து ஒரு கல்லூரியின் தரம் ஏறியது, இறங்கியது என்று சொல்லிவிட முடியாது. இடைநிலை மதிப்பெண், அதாவது வரிசையின் நடுவில் நிற்பவருடையது, இந்த விஷயத்தில் நம்பகமானது.

கலந்தாய்வு நடந்துகொண்டிருக்கும்போதே தகவல் வேண்டும். 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்ற விதி பொருந்துமா?

பொருந்தாது. அது உயிர், தனிநபர் சுதந்திரம் சார்ந்தவற்றுக்கு மட்டும். கலந்தாய்வின் நடுவே ஆர்.டி.ஐ. போட்டால் பதில் வரும்போது இடங்கள் நிரம்பியிருக்கும். அந்த நேரத்தில் குறைதீர் மையத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கெடு நெருங்கினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. அந்த ஒப்புகையின் எண்ணைக் குறிப்பிட்டு, 'என் புகாரின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று பிறகு ஆர்.டி.ஐ. போடலாம். உங்களைப் பாதித்த முடிவுக்கான காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது பிரிவு 4(1)(டி) அலுவலகத்தின் மேல் வைத்திருக்கும் கடமை. அந்தப் பிரிவையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

வாங்கிய தகவலை இணையத்தில் வெளியிடலாமா?

வெளியிடலாம். வெளியிடுமுன் அலுவலகம் தவறுதலாகப் பெயரையோ கைபேசி எண்ணையோ நீக்காமல் விட்டிருக்கிறதா என்று எக்செல் கோப்பின் மறைக்கப்பட்ட பத்திகளையும் கூடுதல் தாள்களையும் திறந்து பாருங்கள். இருந்தால் அழித்துவிட்டு வெளியிடுங்கள். மூலக் கோப்பு, பதில் கடிதம், மனு எண், தேதி ஆகியவற்றைச் சேர்த்தே வையுங்கள். அதே தகவலைக் கேட்கப்போகும் அடுத்தவர், 'முன்பு இந்த எண்ணில் வழங்கிய வடிவிலேயே' என்று ஒரு வரியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.